டிராப் ஏ டியூனிங்குக்கு ஒரு ஆம்ப்: சென்னை மெட்டல் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் இயங்கும் ஐவர் மெட்டல் குழு இது. இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல். ஐந்து பேரும் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம் வாடகை ஜாம் ரூமில் பயிற்சி. அறை 14 அடிக்கு 12 அடி, உயரம் 9 அடி. சுவரில் ஓர் அங்குல ஃபோம் ஒட்டியிருந்தது, தரையில் கார்ப்பெட். அந்தக் கனத்து ஃபோம் கீச்சுச் சத்தத்தை மட்டும் உறிஞ்சும். பேஸ் ஒலியை அது தொடக்கூடச் செய்யாது. அதனால் அறை ஏற்கெனவே "மொத்தை"யாக ஒலிக்கும் அறை.

இரண்டு கிட்டாரும் 26.5 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்) உள்ள ஏழு தந்திக் கிட்டார்கள். முதல் ஆண்டு வழக்கமான பி டியூனிங்கில் வாசித்தார்கள். பிறகு புதிய பாடல்களுக்காகக் கடைசித் தந்தியை ஏ வரை இறக்கினார்கள். இதுதான் டிராப் ஏ. 61.7 ஹெர்ட்ஸில் இருந்த தந்தி 55 ஹெர்ட்ஸுக்கு வந்தது. பேஸ் அதற்கு ஓர் ஆக்டேவ் கீழே, 27.5 ஹெர்ட்ஸில். சிக்கல் தொடங்கியதும் இந்த மாற்றத்துக்குப் பிறகுதான். ஆனால் குழுவில் யாரும் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்கவில்லை.

முதல் கிட்டாரிஸ்டிடம் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட, பின்பக்கம் திறந்த 100 வாட் டிரான்சிஸ்டர் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) இருந்தது. இரண்டாமவர் ஒரு பழைய மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியை ஜாம் ரூமின் மிக்சரில் நேரடியாகச் செருகி, குரல் வரும் அதே ஸ்பீக்கர்களில் வாசித்தார்.

புகார் என்னவாக இருந்தது

"மச்சான், நீ வாசிக்கிறது எனக்குக் கேக்கவே இல்ல" என்று டிரம்மர் சொல்வதும், கிட்டாரிஸ்ட் வால்யூமை ஏற்றுவதும், பாடகர் தன் மைக்கை ஏற்றச் சொல்வதும், மைக் ஊளையிடுவதுமாக ஒவ்வொரு ஞாயிறும் கழிந்தது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிரட்டலாக இருந்த அதே டோன், குழுவோடு சேர்ந்ததும் காணாமல் போனது. கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டால் கிட்டார் இருக்க வேண்டிய இடத்தில் மேலே ஒரு "ஸ்ஸ்ஸ்", கீழே ஒரு "ம்ம்ம்". நடுவில் ஒன்றுமில்லை.

ஆம்புக்குத் தெம்பு போதவில்லை, டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களில் இயங்குவது) வாங்கியாக வேண்டும் என்று குழுவே முடிவுகட்டியது. இருவருக்கும் சேர்த்து 2,20,000 ரூபாய் ஒதுக்கினார்கள். ஒலிப்பதிவுத் துறையில் இருந்த நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்தார்கள். வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிறு பயிற்சியை உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

முதல் அமர்வில் கண்டவை

பாடகர் நிற்கும் இடத்தில் ஒலி அளவி வைத்துப் பார்த்தபோது டிரம்ஸ் மட்டும் 101 முதல் 104 டெசிபெல். எல்லோரும் சேர்ந்தபோது 109. இந்த அளவு கவலைக்குரியது. தொழிலாளர் செவிப் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியோஷ் (தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) பரிந்துரைப்பது 85 டெசிபெல்லில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்கே 15 நிமிடந்தான். இவர்கள் 109இல் மூன்று மணி நேரம் நின்றார்கள், காதடைப்பான் இல்லாமல்.

காம்போவின் குமிழ்கள்: கெய்ன் (கரகரப்பின் அளவு) 9, பேஸ் 8, மிட் 2, டிரெபிள் 8. மெட்டல் வாசிக்கத் தொடங்கும் எவரும் முதலில் வந்து நிற்கும் இடம் இது. தனியாகக் கேட்க இதைவிடக் கம்பீரமான அமைப்பு இல்லை. குழுவில் நடப்பது வேறு. கீழே 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை கிக் டிரம்மும் பேஸும் குடியிருக்கின்றன. மேலே 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சிம்பல்கள். கிட்டாருக்கென்று மிஞ்சுவது நடுப்பகுதிதான். அதைத்தான் மிட் 2 என்று வைத்து அவரே துடைத்துவிட்டிருந்தார்.

இரண்டாவது கண்டுபிடிப்பு இதைவிட முக்கியமானது. தாழ்ந்த ஏ தந்தியில் பவர் கார்ட் பிடித்தால் 55 ஹெர்ட்ஸும், அதன் ஐந்தாம் சுரமான இ, ஏறத்தாழ 82.5 ஹெர்ட்ஸும் ஒன்றாக ஒலிக்கின்றன. டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) வழியே இரண்டு சுரம் போனால் அவற்றின் வித்தியாசமும் புதிய சுரமாகப் பிறக்கும். 82.5இலிருந்து 55 போனால் 27.5. அது பேஸ் கிட்டாரின் கடைசிச் சுரமேதான். அந்த அடிமட்ட ஒலியைக் கிட்டார் ஸ்பீக்கரால் வெளியிட முடியாது. ஆனாலும் அதை வெளியிட முயன்று அதன் காகிதக் கோன் வீணாக முன்னும் பின்னும் துள்ளுகிறது, பவர் ஆம்பின் (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிப் பகுதி) திறனும் அதிலேயே கரைகிறது. பாம் மியூட் (தந்தியை உள்ளங்கையால் அமுக்கி வாசிப்பது) அடிக்கும்போது "டக்" என்று வெட்டுப்பட வேண்டிய ஒலி "டொம்ம்" என்று தொங்கியது இதனால்தான். டியூனிங்கை இறக்கியபோது இது மோசமானதும் இதனால்தான்.

மூன்றாவது, நிற்கும் இடம். காம்போ தரையில், சுவர் மூலையில் இருந்தது. வாசிப்பவர் மூன்றடி தள்ளி நின்றார். 12 அங்குல ஸ்பீக்கர் உயர் அதிர்வெண்களை டார்ச் வெளிச்சம் போல நேராகத்தான் வீசும். முழங்காலுக்கு அடிக்கிற ஒலி காதுக்கு மழுங்கித்தான் வரும். அதனால் டிரெபிளைக் கூட்டுகிறார். எதிரே ஐந்தடியில் உட்கார்ந்திருக்கும் டிரம்மருக்கு அதே ஒலி ஊசியாகக் குத்துகிறது. மூலையும் தரையும் சேர்ந்து பேஸை இன்னும் பெருக்கின.

நான்காவது, தந்தி. கடைசித் தந்தி 0.059 அங்குலம். பி டியூனிங்குக்கு அது சரி. ஏ வரை இறக்கியதும் இழுவிசை 14 பவுண்டு அளவுக்கு விழுந்திருந்தது. வேகமாக அடிக்கும்போது தந்தி முதலில் சுரம் ஏறி, பிறகு இறங்கி நிற்கும். இரண்டு கிட்டார் ஒன்றாக அப்படித் தள்ளாடினால் எந்த ஆம்பாலும் அதைக் கூர்மையாக்க முடியாது.

மூன்று வாரம் எதையும் வாங்காமல்

நண்பர் விதித்த நிபந்தனை: மூன்று பயிற்சிகளுக்கு ஆம்ப் எதுவும் வாங்கக் கூடாது. தந்தியும் ஒரே ஒரு பெடலும் மட்டும் வாங்கலாம்.

கடைசித் தந்தியை 0.068 ஆக்கினார்கள். இழுவிசை 18 பவுண்டு அளவுக்கு வந்தது. தடித்த தந்தி, கழுத்து முனையிலுள்ள நட் பள்ளத்தில் உட்காராமல் மேலே தூக்கியது. பள்ளத்தை ஊசி அரத்தால் அகலப்படுத்தி, இன்டொனேஷனும் (எல்லா ஃபிரெட்டிலும் சுரம் சரியாக நிற்பது) திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இதைச் செய்யாமல் தந்தியை மட்டும் மாற்றினால் முதல் ஃபிரெட்டிலேயே சுரம் கூடிப்போகும்.

பெடல், டியூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவ். டிரைவ் பூஜ்யம், டோன் பாதி, லெவல் 9. டிஸ்டார்ஷன் ஏற்கெனவே அதிகம் இருக்கும்போது ஓவர்டிரைவ் எதற்கு என்று முதல் கிட்டாரிஸ்ட் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தச் சர்க்யூட்டில் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் ஒரு வரம்பு போடுகின்றன. அதற்கு மேலுள்ளது பெருக்கப்படும். கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே போகும். ஆகவே ஆம்பின் டிஸ்டார்ஷனுக்குள் நுழையும் முன்பே தாழ்ந்த ஒலி மெலிந்துவிடுகிறது, மேலே சொன்ன 27.5 ஹெர்ட்ஸ் குப்பையும் பெருமளவு பிறக்காமல் போகிறது. டிஸ்டார்ஷனுக்குப் பிறகு பேஸ் குமிழைக் குறைப்பதால் இந்தப் பலன் கிடைக்காது. சேறு கலந்த பின் வடிகட்டுவது போலாகும் அது.

காம்போவை மூலையிலிருந்து நகர்த்தி, இரண்டடி உயர ஸ்டூலில் ஏற்றி, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வைத்தார்கள். கெய்ன் 5.5, பேஸ் 3, மிட் 6, டிரெபிள் 5. முதல் பத்து நிமிடம் "சின்னப் பெட்டி மாதிரி ஒலிக்குது" என்ற முணுமுணுப்பு எழுந்தது. குழு முழுக்க வாசிக்கத் தொடங்கியதும் அது நின்றது. ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிகள்) தனித்தனியாகக் கேட்டன. மொத்தச் சத்தம் 105க்கு இறங்கியது.

மூன்றாம் வாரம் எஞ்சியிருந்த குறை தெளிவாகத் தெரிந்தது. வேகமான பாம் மியூட்களில் காம்போவின் ஸ்பீக்கர் இன்னமும் தொளதொளத்தது. பின்பக்கம் திறந்த பெட்டியில் கோனைப் பிடித்து நிறுத்தும் காற்றுத் தலையணை கிடையாது. பின்னால் போகும் ஒலி சுற்றிவந்து முன்னால் வரும் தாழ்ந்த ஒலியை அடித்துக்கொள்ளவும் செய்யும். புளூஸுக்கு அந்தத் திறந்த காற்றோட்டம் அழகு. இந்த இசைக்கு ஆகாது.

அமெரிக்காவிலிருந்து வந்த ஹெட்

இதற்கிடையில் ஒரு திருப்பம். முதல் கிட்டாரிஸ்டின் உறவினர் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு பழைய 120 வாட் டியூப் ஹெட்டை (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) கொண்டுவந்தார். நான்கு 6எல்6 டியூப், பார்க்கவே கம்பீரம். எல்லோரும் நண்பரின் நிபந்தனையை மறந்துவிட்டார்கள்.

அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. பின்பலகையில் 400 வாட் இழுக்கும் என்று எழுதியிருந்தது. கடையில் 500 வாட் என்று சொல்லிக் கொடுத்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வாங்கினார்கள். அந்த 500, தொடர்ந்து தாங்கும் அளவாக இருக்கவில்லை. அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு. சத்தமாக வாசிக்கும்போது 120 வோல்ட் 109க்குச் சரிந்தது. டியூப்களின் ஹீட்டர் 6.3 வோல்ட் கேட்கும், கிடைத்தது 5.7. ஒலி தளர்ந்துபோனது. "டியூப் தேஞ்சிருக்கும்" என்று நான்கு புதிய டியூப் வாங்கிப் போட்டார்கள். எதுவும் மாறவில்லை. அந்தப் பணம் வீண்.

பெரிய ஆபத்து வேறொன்று. அந்த டிரான்ஸ்பார்மரின் வெளியீடு இரட்டைப் பின் சாக்கெட். ஹெட்டின் மூன்றாவது பின்னான எர்த்துக்கு இடமில்லை. அடாப்டர் போட்டு ஓட்டினார்கள். பின்னணிக் குரல் கொடுக்க மைக்கில் உதடு பட்டதும் முதல் கிட்டாரிஸ்டுக்குச் சுரீரென்று ஷாக் அடித்தது. மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் மறு முனையை மைக் வலையிலும் தொட்டுப் பார்த்தபோது 60 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. டிஜிட்டல் மீட்டர் இந்த மாதிரிக் கசிவு மின்னழுத்தத்தைச் சில நேரம் மிகைப்படுத்திக் காட்டும் என்பது உண்மை. ஆனால் உதடு பொய் சொல்லாது. எர்த் இல்லாத நிலையில் ஹெட்டுக்குள் ஒரு காப்பு பழுதானால் தந்தியிலேயே முழு மின்சாரமும் ஏறி நிற்கும்.

அன்றே அந்த ஹெட்டின் பிளக்கைப் பிடுங்கினார்கள். ஜாம் ரூமின் சாக்கெட்டையும் சோதித்தார்கள். அதில் எர்த் கம்பி தளர்ந்திருந்தது. உரிமையாளர் எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்தார். அதன் பிறகு காம்போவின் தந்திக்கும் மைக்குக்கும் இடையே 1 வோல்ட்டுக்குக் கீழேதான் காட்டியது. அதுவரை இருந்த இரைச்சலும் பாதியாகக் குறைந்தது.

ஹெட்டை உள்ளே 230 வோல்ட்டுக்கு மாற்ற முடியுமா என்று ஒரு டெக்னீஷியனிடம் காட்டினார்கள். சில ஹெட்களின் டிரான்ஸ்பார்மரில் பல நாட்டு மின்னழுத்தங்களுக்கும் கம்பி எடுத்திருப்பார்கள். இணைப்பை மாற்றினால் போதும். இதில் 120 மட்டுந்தான் இருந்தது. டிரான்ஸ்பார்மரையே மாற்ற வேண்டும். இந்தச் சோதனையை அவரிடம் விட்டது நல்லது. பிளக்கை எடுத்த பிறகும் இவற்றின் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

தேர்வுக்கு எடுத்துக்கொண்டவை

அந்த அனுபவத்துக்குப் பிறகு நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதினார்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூன்று பின். இங்கேயே பழுதுபார்க்கக்கூடியது. இரண்டாம் மாடிக்கு இருவர் தூக்கிப் போகக்கூடிய எடை. டிரம்ஸோடு சேர்ந்து கேட்கும் அளவுக்குச் சத்தம், அதற்கு மேல் வேண்டாம். "எந்தக் குழு எதைப் பயன்படுத்துகிறது" என்ற வரி பட்டியலில் இடம்பெறவில்லை.

அந்த வரி ஏன் உதவாது என்பதற்கு வரலாறே சாட்சி. 1992இல் வந்த பீவி நிறுவனத்தின் 5150 டியூப் ஹெட், பின்னாளில் 6505 என்ற பெயரில் தொடர்ந்தது. மெட்டல் ஒலியின் அளவுகோல்களில் ஒன்றாகவே ஆனது. மெசா பூகியின் ரெக்டிஃபையர் இன்னொன்று. ஆனால் அதே தொண்ணூறுகளில் பான்டெரா குழுவின் டைம்பேக் டேரல், ராண்டால் நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் ஆம்ப்களில்தான் அந்த ரம்பத் தொனியை எடுத்தார். எட்டுத் தந்திக்குப் பேர்போன மெஷுகா குழு மேடையில் டிஜிட்டல் மாடலர்களுக்கே (ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் கருவிகள்) மாறியது. டியூப் இல்லாமல் மெட்டல் இல்லை என்பதை மெட்டல்காரர்களே எப்போதோ பொய்யாக்கிவிட்டார்கள்.

100 வாட்டும் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் கேபினெட்டும் முதலிலேயே நீங்கின. கேபினெட் மட்டும் 40 கிலோவைத் தாண்டும், ஆட்டோவில் ஏறாது. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபெல்தான். சத்தம் இரு மடங்காகக் காதுக்குத் தோன்ற வேண்டுமென்றால் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. இந்தக் கணக்கைச் சொன்னதும் 100 வாட் ஆசை தானாக அடங்கியது.

மிஞ்சியவை மூன்று: இஎல்84 டியூப் போட்ட 20 வாட் சின்ன ஹெட், 6எல்6 போட்ட, 5150 வழிவந்த 50 வாட் ஹெட், மாடலரோடு கிளாஸ் டி என்ற டிரான்சிஸ்டர் வகைப் பவர் ஆம்ப் ஒன்று. மூன்றையும் தெரிந்தவர்களிடம் ஒரு ஞாயிறுக்கு இரவல் வாங்கினார்கள். ஒப்பிட்ட முறை இதுதான். ஒரே ரிஃபை லூப்பரில் (பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெடல்) பதிந்து ஆம்புக்கு முன்னால் வைத்தார்கள். கையின் வித்தியாசம் அதனால் நீங்கியது. ஒரே கேபினெட். பாடகர் நிற்கும் இடத்தில் அளந்து, மூன்றின் சத்தமும் 1 டெசிபெல் வித்தியாசத்துக்குள். இதைச் செய்யாவிட்டால் எது கொஞ்சம் சத்தமோ அதுவே "நல்லா இருக்கு" என்று தோன்றும். டிரம்மரும் பேஸ் கிட்டாரிஸ்டும் முதுகைக் காட்டி நின்று, எண்ணை மட்டும் குறித்தார்கள்.

20 வாட் ஹெட் டிரம்ஸ் இல்லாதபோது அருமையாக இருந்தது. டிரம்ஸ் சேர்ந்ததும் அதன் பவர் டியூப்களே நசுங்கத் தொடங்கின. தாழ்ந்த சுரங்கள் ஊதிக்கொண்டன. சின்ன வெளியீட்டு டிரான்ஸ்பார்மருக்கு 55 ஹெர்ட்ஸ் பெரிய சுமை. 50 வாட் ஹெட்டையும் மாடலரையும் ஆறு சுற்றில் அந்த இருவராலும் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆறு சுற்று எதையும் நிரூபிக்கப் போதாது. ஆனால் இடையில் கேபினெட்டை மட்டும் மாற்றியபோது ஒவ்வொரு முறையும் இருவரும் உடனே கண்டுபிடித்தார்கள். ஆம்புக்குப் போகவிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் திரும்பியது அந்தப் பிற்பகலில்தான்.

கேபினெட்

இரண்டு 2x12 (இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட) மூடிய கேபினெட்களை உள்ளூர்த் தச்சரிடம் செய்தார்கள். 18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட், வெளியளவு 76 செ.மீ. அகலம், 51 உயரம், 36 ஆழம். உள்ளே நடுவில், முன் பலகையையும் பின் பலகையையும் இணைக்கும் ஒரு தாங்குகட்டை. ஸ்பீக்கர்கள் செலஷன் வின்டேஜ் 30, 16 ஓம், ஒவ்வொன்றும் 60 வாட். துளை விட்டம் 283 மி.மீ. நிறுவனம் தரும் அதிர்வெண் எல்லை 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ். கவனிக்க: 55 இதில் இல்லை. அந்தச் சுரத்தை நாம் கேட்பது 110, 165, 220 என்று அதன் மடங்குகளாக வரும் மேல் இசையங்களிலிருந்துதான். அடித்தளத்தைப் பேஸ் கிட்டார் கொடுத்துவிடுகிறது.

16 ஓம் இரண்டைப் பேரலலாக இணைத்தால் 8 ஓம். ஹெட்டில் 4, 8, 16 தேர்வு இருந்ததால் அதற்கு எதுவும் சரிதான். கிளாஸ் டி பவர் ஆம்புக்கோ ஓம் கூடக்கூட வாட் குறையும். 8 என்பது இரண்டுக்கும் ஒத்துவந்தது.

முதல் கேபினெட்டில் இரண்டு பிழைகள். பின்பலகைக்கு ஆறே ஆறு ஸ்க்ரூ போட்டிருந்தார். ஏ அடிக்கும்போதெல்லாம் தகர டப்பா போல அதிர்ந்தது. 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக்கி, ஓரத்தில் ஃபோம் பட்டை ஒட்டியதும் நின்றது. ஜாக் தகட்டைச் சுற்றிக் காற்று கசிந்து "புஸ்" என்றது. சிலிகான் வைத்து அடைத்தார்கள். முடிந்தபோது ஒன்று 31 கிலோ. ஹெட்டிலிருந்து கேபினெட்டுக்கு ஸ்பீக்கர் ஒயர்தான் போட வேண்டும். கிட்டார் ஒயரின் மெல்லிய உள்கம்பி சூடாகும், அறுந்தால் டியூப் ஹெட் சுமையில்லாமல் ஓடி வெளியீட்டு டிரான்ஸ்பார்மரை இழக்கலாம். இரண்டும் வெளியே ஒன்றுபோலவே இருப்பதால் ஸ்பீக்கர் ஒயரின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றினார்கள்.

முடிவும் அமைப்பும்

முதல் கிட்டாரிஸ்ட் 50 வாட் ஹெட்டை எடுத்துக்கொண்டார். மாடலருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றபிறகும் ஏன் என்றால், மெனுவுக்குள் நுழைந்து வேலைசெய்ய அவருக்குப் பொறுமையில்லை. ஆறு குமிழ் போதும் என்றார். அது போதுமான காரணம்தான். இரண்டாமவர் மாடலரும் பவர் ஆம்பும்.

ஹெட்டின் அமைப்பு: கெய்ன் 4.5, பேஸ் 4, மிட் 6, டிரெபிள் 5.5, பிரசன்ஸ் (உச்ச ஒலி) 5, ரெசொனன்ஸ் (அடி ஒலி) 3.5. முன்னால் அதே ஓவர்டிரைவ். வாசிக்காதபோது இரைச்சலை மூடும் நாய்ஸ் கேட் நான்கு ஒயர் முறையில்: கிட்டாரிலிருந்து கேட்டின் உள்ளீடு, கேட்டின் சென்ட்டிலிருந்து ஓவர்டிரைவ் வழியே ஆம்பின் உள்ளீடு, ஆம்பின் எஃபெக்ட்ஸ் சென்ட் (ஒலியை முதலில் பெருக்கும் பிரீஆம்பிலிருந்து வெளியே வரும் முனை) கேட்டின் ரிட்டர்னுக்கு, கேட்டின் வெளியீடு ஆம்பின் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னுக்கு (பவர் ஆம்புக்குள் நுழையும் முனை). இப்படிச் செய்தால் கேட் சுத்தமான கிட்டார் சிக்னலைக் கவனித்து, பிரீஆம்பின் இரைச்சலையும் சேர்த்தே மூடும். நேரே வரிசையாக வைத்தால் பிரீஆம்பில் பிறக்கும் இரைச்சல் அப்படியே தங்கும்.

மாடலரில் இரண்டு பாதை. மேடை கேபினெட்டுக்குப் போவதில் ஸ்பீக்கர் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்வது) அணைக்கப்பட்டது. அரங்க ஒலிபெருக்கிக்குப் போவதில் மட்டும் சிமுலேஷன், 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ், 7,500 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டும் லோ-பாஸ். முதல் வாரம் இதை மறந்து சிமுலேஷனோடு கேபினெட்டுக்கு அனுப்பி, கம்பளிக்குள்ளிருந்து வருவது போன்ற ஒலியோடு ஒரு மணி நேரம் போராடினார். இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று விழுங்காமலிருக்க ஹெட்டில் 750 ஹெர்ட்ஸ் பக்கமும் மாடலரில் 1,600 ஹெர்ட்ஸ் பக்கமும் சற்றுத் தூக்கலாக வைத்தார்கள்.

எட்டு மாதங்களில் நடந்தது

பயிற்சியில் மொத்தச் சத்தம் 102 டெசிபெல் அளவில் நின்றது. டிரம்ஸே அந்த அளவுதான் என்பதால் அதற்குக் கீழே இறக்க வழியில்லை. ஐவரும் காதடைப்பான் போடுகிறார்கள். பாடகர் மைக் ஊளையிடுவது நின்றது.

ஐந்தாம் மாதம் ஹெட்டில் ஒரு மணியோசை கேட்கத் தொடங்கியது. பென்சிலின் ரப்பர் முனையால் பிரீஆம்ப் டியூப்களை ஒவ்வொன்றாகத் தட்டியபோது முதல் 12ஏஎக்ஸ்7 டியூப் உரக்க எதிரொலித்தது. உள்ளீட்டுக்கு அடுத்திருக்கும் டியூபின் சிறு நடுக்கத்தையும் பின்னால் வரும் அத்தனை கெய்னும் பெருக்கிவிடும். ஒரு டியூப் மாற்றினார்கள், தீர்ந்தது.

ஐந்து நிகழ்ச்சிகள் வாசித்தார்கள். அவற்றில் டியூப் ஹெட் மேடை ஏறியது இரண்டில்தான். மற்ற மூன்றிலும் குழுக்களுக்கு இடையே கிடைத்த மாற்று நேரம் பத்து நிமிடத்துக்கும் குறைவு. அரங்கில் இருந்த ஆம்பின் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் ஒரு சின்ன பிரீஆம்ப் பெடலைச் செருகி அவர் வாசித்தார். மாடலரும் சறுக்காமல் இல்லை. ஒரு நிகழ்ச்சியில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறிய ஒரு நொடியில் அது அணைந்து, மறுபடி எழுந்திருக்க 40 வினாடி எடுத்தது. பாட்டின் நடுவில் 40 வினாடி நீளமானது. இப்போது கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யூபிஎஸ் ஒன்றை மாடலரோடு கொண்டுபோகிறார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பது குழுவின் கருத்து. தந்தி, குமிழ்கள், பெடல், கேபினெட், கடைசியில் ஆம்ப். மூடிய கேபினெட் கையில் இருந்திருந்தால் காம்போவின் ஸ்பீக்கர் வெளியீட்டையே, ஓம் சரிபார்த்துவிட்டு, அதில் செருகிக் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் ஹெட் வாங்கும் தேவையே எழுந்திருக்காது என்று முதல் கிட்டாரிஸ்டே சந்தேகப்படுகிறார்.

எந்த அறைக்குப் போனாலும் முதலில் சாக்கெட்டைச் சோதிக்கும் மூன்று விளக்கு டெஸ்டரைச் செருகிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அது எர்த் கம்பி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், எர்த் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொல்லாது. அதனால் மல்டிமீட்டரால் தந்திக்கும் மைக்குக்கும் இடையே அளப்பதையும் விடவில்லை. டியூப் ஹெட்டை வாங்குமுன் கடந்த ஓராண்டில் வாசித்த மேடைகளை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பது இரண்டாமவர் சொல்வது. முதலாமவர் அதை ஒப்புக்கொள்வதில்லை.

அமெரிக்க ஹெட், டியூப்களைக் கழற்றித் துணியில் சுற்றி, முதல் கிட்டாரிஸ்ட் வீட்டுப் பரணில் இருக்கிறது. 230 வோல்ட் டிரான்ஸ்பார்மர் சுற்றித்தர ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். இரண்டு வின்டேஜ் 30 வாங்கும் தொகை அது.